சனிக்கிழமைகளில் நின்றுபோன வண்டி

மேடை ஏறியதும் முதல் வணக்கம் எதிரணிக்கு என்று நமக்குக் கற்பித்தார்கள். தலைவருக்கு அடுத்தது, அவைக்குக் கடைசியில். எதிரணி இல்லையேல் நமக்குப் பேச்சே இல்லை என்பது காரணம். தேக்காச் சந்தைக்குப் பின்னால் இருந்த படிப்பகத்தின் ஆட்டங்கண்ட பெஞ்சில் என்னோடு அமர்ந்து இதைக் கேட்டவர்களே, இன்று நாம் எண்ணிக்கையில் குறைந்துவிட்டோம். இருப்பவர்களும் படிக்கட்டைக் கண்டால் பெருமூச்சு விடுகிறோம். ஆயினும் இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். என் வாழ்நாளில் நான் மிகத் திறமையாகப் பேசி வென்ற வழக்கு ஒன்று உண்டு. அதை நீங்கள் யாரும் கேட்டதில்லை. அது எங்கள் வீட்டு மாடி அறையில் நடந்தது. எதிரணியில் இருந்தவர் என் அப்பா. அன்று அவரை வணங்க மறந்துவிட்டேன்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஐம்பதுகள் முடிய இன்னும் ஓரிரு ஆண்டுகள் இருந்தன. நம் ஊருக்குக் குளிர்காலம் கிடையாது என்பார்கள். தீபாவளிப் புகை அடங்கியதும் தொடங்கித் தைப்பொங்கல் வரை கொட்டும் மழையில், ஞாயிறு தவிர நாள்தோறும் விடியுமுன் பன்னிரண்டு கல் தொலைவு மோட்டார் சைக்கிளில் போன ஒருவரின் மகளிடம் மட்டும் அப்படிச் சொல்லிவிடாதீர்கள். அந்த மாதங்களில் அப்பாவின் விரல்நுனிகள் எப்போதும் வெளுத்துச் சுருங்கியிருக்கும். மாலையில் அவர் தேநீர்க் குவளையைப் பிடிப்பது குடிப்பதற்கா, கை காய்வதற்கா என்று சொல்ல முடியாது.

அப்பா ‘நீ சூன்’ என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் டிரஸ்ஸர். ஆம், இன்று அடுக்குமாடி வீடுகளும் ரயில் நிலையமுமாக நிற்கும் ஈசூன்தான். டாக்டர் வாரத்தில் ஒருநாள் வருவார். மற்ற நாட்களில் காயத்துக்குக் கட்டும், காய்ச்சலுக்கு மருந்தும், பிரசவத்துக்கு ஆள் அனுப்புவதும் அப்பாவின் பொறுப்பு. காலை ஆறு மணிக்குப் பெரட்டு. தொழிலாளர்கள் வரிசையாக நிற்க, கிராணி என்னும் எழுத்தர் பெயர் கூப்பிடுவார். உடம்புக்கு முடியாதவர்களை டிரஸ்ஸர் அங்கேயே பார்த்து, வேலைக்குப் போகலாமா, படுக்க வேண்டுமா என்று சொல்ல வேண்டும். டிரஸ்ஸர் இல்லையென்றால் காய்ச்சல்காரரும் ரப்பர் மரத்தில் பால்வெட்டத்தான் போவார். தோட்டத்துக்குள்ளேயே அவருக்கு ஒரு குவார்ட்டர்ஸ் உண்டு. அங்கே குடிபோகாமல் சிராங்கூன் சாலைச் சந்தில், கடைக்கு மேலிருந்த இரண்டு அறையில் நாங்கள் வாழ்ந்ததற்கு ஒரே காரணம் நான்தான். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு தமிழும் முடியும், மேடையும் முடியும். “பாப்பா படிக்கட்டும். நான் போய் வந்துக்கறேன்” என்றார் அப்பா. போய்வருவதற்கென்றே, தாயகம் திரும்பிய ஒரு வெள்ளைச் சிப்பாயிடமிருந்து அந்தப் பழைய மோட்டார் சைக்கிளை வாங்கினார்.

கடை முன்னிருந்த அஞ்சடி நடைபாதையில் நிறுத்தி அதை முடுக்கினால் கீழ்த்தளத்து மாவுமில்லின் தகரக் கதவு அதிரும். மழை மாதங்களுக்கு முன் அப்பா அதற்குச் செய்த பணிவிடைகள் மருத்துவமனைக்கே உரிய ஒழுங்கில் நடந்தன. சங்கிலியைக் கழற்றி, பழைய எண்ணெயில் ஓரிரவு ஊறப்போடுவார். பளபளக்கும் பாகங்கள் துருப்பிடிக்காமல் இருக்க அம்மாவின் தேங்காய் எண்ணெயை எடுத்துத் தேய்ப்பார். அம்மா பாட்டிலை ஒளித்துவைத்தால் கண்டுபிடிப்பார். எஞ்சினுக்குப் பொறி தரும் பிளக்கின் மேல் மழை படாதிருக்க சைக்கிள் ட்யூபை வெட்டிச் சட்டைபோல் மாட்டுவார். அந்த ஆண்டு புதிதாக ஒன்று செய்தார். பெட்ரோல் டாங்கி மூடியின் அடியில், தண்ணீர் கசிந்து உள்ளே இறங்காதபடி, மருந்துப் புட்டியின் ரப்பரில் வளையம் வெட்டி இறுக்கமாகப் பொருத்தினார். ஈர நாட்களில் பிளக்கைக் கழற்றி, அம்மா தோசை வார்க்கும் கரியடுப்பின் ஓரத்தில் சூடேற்றுவார்.

“இது அடுப்பா, பட்டறையா? தோசையில பெட்ரோல் வாட வருது.”

“நாளைக்கு வண்டி நின்னா நீ தள்ளுவியா?”

“நான் எதுக்குத் தள்றேன்? பஸ் ஓடுதுல்ல?”

“விடியாத நேரத்துக்கு எந்த பஸ்லா ஓடுது, சொல்லு.”

இவ்வளவும் சிரித்துக்கொண்டே நடந்த உரையாடல். நவம்பர் நடுவில் அந்தச் சிரிப்பு நின்றது.

அதற்குமுன் என் பங்கைச் சொல்லிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை மாலைகளில் வீட்டுப் பொருள்களுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது என் வேலை. நிலைப்படி, தையல் மிஷின், அரிசிப் பானை, கடைசியாகக் கீழே இறங்கி வண்டி. முன்விளக்கின் கண்ணாடியில்தான் முன்பெல்லாம் வைத்தோம். அந்த ஆயுத பூசையன்று அப்பா, “அங்க வைக்காத பாப்பா, வெளிச்சம் மறையுது” என்றார். எனவே நான் வண்டியை நின்று பார்த்தேன். டாங்கியின் உச்சியில், வட்டமாக, வெள்ளி நாணயம்போல் மின்னிக்கொண்டு மூடி இருந்தது. அதைவிட நல்ல நெற்றி அந்த வண்டியில் இல்லை. நடுவில் கட்டைவிரலால் அழுத்தி ஒரு பொட்டு வைத்தேன். வாராவாரம் தவறாமல் வைத்தேன். மழையில் கரையாதபடி சந்தனத்தைக் கெட்டியாகவே குழைத்தேன். அப்பாவும் டாங்கியின் மேல் எண்ணெய்த் துணி ஒன்றைப் போர்த்திக் கட்டியிருந்ததால் அது அழியவில்லை.

வண்டி நிற்கத் தொடங்கியது.

சிராங்கூன் சாலையிலிருந்து எட்டு ஒன்பது கல் நன்றாக ஓடும். தாம்சன் சாலையில் நீர்த்தேக்கத்துக் காடு கடந்ததும் இருமும், இழுக்கும், அடங்கிவிடும். அப்பா பிளக்கைக் கழற்றித் துடைத்து, டாங்கியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்து, எதையெதையோ செய்தபின் உயிர் வரும். தோட்டம் சேரும்போது பெரட்டு முடிந்திருக்கும். மாலையில் திரும்பும்போதும் அதே கதை. ஜாலான் பசாரில் இருந்த சீன மெக்கானிக்கிடம் மூன்று முறை கொண்டுபோனார். அங்கே போகும் சின்னத் தொலைவுக்கு வண்டி நிற்கவே நிற்காது. மெக்கானிக் ஒரே உதையில் முடுக்கிக் காட்டி, “ஆயர் மாசோக்லா” என்பார், தண்ணீர் புகுந்துவிட்டது என்று மலாயில். பிறகு வானத்தைக் காட்டிக் கையை விரிப்பார்.

ஒரு திங்கட்கிழமை, கத்தி பட்டுப் பாதம் பிளந்த பால்வெட்டுப் பெண் ஒருத்தி, டிரஸ்ஸர் வரும்வரை முக்கால் மணி நேரம் சாக்கின்மேல் காலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அன்று தோட்ட மேலாளரான துரை அப்பாவை அழைத்தார். அவர் கத்தவில்லையாம். “டிரஸ்ஸர் இருக்க வேண்டிய இடம் தோட்டம். இனியும் இப்படியே பெரட்டுக்குப் பிந்தி வந்தால், ஆண்டு முடிவதற்குள் குடும்பத்தோடு குவார்ட்டர்ஸுக்கு வந்துவிடுங்கள், முடியாதென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன்” என்றாராம். இதை அப்பா எங்களிடம் சொன்னபோது என்னைப் பார்க்காமல் சொன்னார். பொங்கல் விழாச் சொற்போருக்கு நம் படிப்பகத்தின் சார்பில் என் பெயரைக் கொடுத்து அப்போது நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

அம்மாவோ, அப்பா கழற்றிப் போடும் சட்டையைக் கொடியில் விரிக்கும்முன் ஒருமுறை முகர்ந்து பார்க்கத் தொடங்கினாள். அம்மாவின் அப்பா கள்ளுக்கடையில் தன் உடம்பையும் வீட்டையும் தொலைத்தவர் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. கெட்டிக்காரியான எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மா எதையோ தேடுகிறாள், அதை நான் கண்டுபிடித்துக் கொடுக்க முடியும் என்பது மட்டுமே.

கண்டுபிடித்தேன். சுவரில் தொங்கிய நாட்காட்டியில் அப்பா பிந்திய நாட்களைப் பென்சிலால் வட்டமிட்டேன். எல்லாம் சனி, திங்கள். செவ்வாய் முதல் வெள்ளி வரை ஒரு வட்டமும் இல்லை.

டிசம்பரின் முதல் ஞாயிறு பெரிய மாமா வந்தார். அம்மாவுக்கு மூத்தவர், துறைமுகத்தில் ஸ்டோர் கிராணி. எங்கள் குடும்பத்தில் எந்தப் பேச்சும் அவர் தலைமையில்தான் முடியும். என் மேடைப் பேச்சுக்கு அவரே முதல் இரசிகர். சோறு உண்டபின் வெற்றிலைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

“என்ன மாப்ள, மழை மேல பழி போடறீங்க, மழையா வந்து பதில் சொல்லப் போகுது?”

“மழைதான் மச்சான். பிளக்குல ஈரம் ஏறிடுது.”

“சரி, பட்டிமன்றமே வச்சிடுவோம். வண்டி நிக்கறது மழையாலயா, மனுஷனாலயா? மழைக்கு மாப்ள பேசட்டும். எதிர்த்து நீ பேசு பாப்பா. நான் நடுவர்.”

விளையாட்டாகத்தான் தொடங்கினார். அப்பாவும் சிரித்துக்கொண்டே இரண்டு வாக்கியம் பேசி உட்கார்ந்தார். நான் எழுந்தேன். வலக்கை விரலை உயர்த்தினேன். அந்த உரை இன்றும் எனக்கு எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது.

“தலைவர் அவர்களே! பேச இயலாத வானத்தைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு, பேசத் தெரிந்த மனிதர் ஒதுங்கிக்கொள்வது அறமாகுமா? மழைதான் காரணம் என்றால், நவம்பர் இறுதிச் சனிக்கிழமை வானம் வெளுத்திருந்ததே, அன்றும் வண்டி ஏன் நின்றது? புதன்கிழமை வெள்ளம் முழங்கால் அளவு ஓடியதே, அன்று ஏன் நிற்கவில்லை? வாரத்தில் இரண்டே நாட்களைத் தேர்ந்தெடுத்து நிற்கும் அறிவு இரும்புக்கு உண்டா? அந்த அறிவு மனிதனுக்கே உண்டு! சனிக்கிழமைக் களிப்பும் திங்கட்கிழமைத் தலைவலியும் எந்த மனிதர்களுக்கு வரும் என்பதை இந்த அவை அறியும்! மேலும், தலைவர் அவர்களே, அந்த நாட்களில் அப்பாவின் சட்டையில் வீசுவது பெட்ரோல் வாடை மட்டுமன்று. வேறொரு வாடையும் வீசுகிறது!”

கைதட்டலுக்காக நிறுத்தினேன். மாமா தட்டவில்லை. அவர் வாயில் வெற்றிலை அப்படியே நின்றிருந்தது. அம்மா சமையல்கட்டு வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரமாக அவள் தன்னிடமே சொல்லிக்கொள்ள அஞ்சியதை, பன்னிரண்டு வயது மகள் அடுக்குமொழியில் சொல்லி முடித்திருந்தாள்.

“அது ஸ்பிரிட் வாட” என்றார் அப்பா மெதுவாக. “பிளக்கு காயறதுக்கு ஸ்பிரிட் போட்டுத் தொடைக்கறேன்.”

“இருக்கலாம் மாப்ள” என்றார் மாமா. இருக்கலாம் என்ற சொல்லை அவ்வளவு கனமாக நான் அதற்குமுன் கேட்டதில்லை. “எதுக்கு இந்தப் பேச்செல்லாம்? குவார்ட்டர்ஸுக்கே போயிடுங்க. வண்டியும் வேணாம், ரோடும் வேணாம், ரோட்டுல இருக்கற கடையும் வேணாம். துறைமுகத்துல ஒருத்தன் வண்டி கேட்டுட்டிருக்கான். அடுத்த ஞாயிறு கூட்டிட்டு வரேன்.”

தீர்ப்பு முடிந்தது. வழக்கில் நான் வென்றேன். என் பள்ளி, படிப்பகம், பொங்கல் மேடை எல்லாவற்றையும் அந்த வெற்றிக்கு விலையாகக் கொடுத்திருந்தேன். அது எனக்கு உறைத்தது மாமா படியிறங்கிய பிறகுதான். அப்பா என் அருகில் வந்தார். தலையில் கை வைத்து, “நல்லாப் பேசுன பாப்பா” என்றார். அதில் குத்தல் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். இல்லை. உண்மையாகவே சொன்னார்.

பிறகு அம்மாவிடம் திரும்பினார். “பள்ளிக்கூடம் லீவுதானே? வர்ற சனிக்கிழமை இவள என்கூட அனுப்பு. எங்க நிக்குது, எதுக்கு நிக்குதுன்னு இவளே பாக்கட்டும்.”

அந்த வெள்ளிக்கிழமை மாலை அப்பா வழக்கம்போல் டாங்கியை நிரப்பி வந்து நிறுத்தினார். பித்தளைக் கிண்ணத்தோடு நான் கீழே இறங்கினேன். நாளை இது நிற்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். வேண்டுதலின் அளவுக்குச் சந்தனத்தையும் கூட்டினேன். ஒரு புளியங்கொட்டைப் பருமனுக்கு உருட்டி, மூடியின் நடுவில் வைத்து, கட்டைவிரலால் ஓங்கி அழுத்தினேன்.

சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணி. அப்பா தன் சட்டைக்குள் பழைய நாளிதழை மடித்துச் செருகிக்கொண்டார். எனக்கும் ஒன்றைச் செருகினார். குளிர்காற்றுக்குக் காகிதத்தை மிஞ்சிய கவசம் இல்லை. பின்னிருக்கையில் அமர்ந்து அவர் மழைக்கோட்டுக்குள் தலையை நுழைத்துக்கொண்டேன். ரப்பர் வாடை, தேங்காய் எண்ணெய், மருந்துச் சோப்பு, முதுகின் சூடு. பாலஸ்டியர் கடந்து தாம்சன் சாலையில் ஏறினோம். வழியில் ஒரு கள்ளுக்கடை, பூட்டிக் கிடந்தது. அப்பா வண்டியின் வேகத்தைச் சற்றுக் குறைத்து, நான் பார்த்துக்கொள்ளும்வரை அப்படியே ஓட்டினார். பார்த்ததும் என் முகத்தை மீண்டும் மழைக்கோட்டுக்குள் மறைத்துக்கொள்ள முடிந்தது ஒரு வசதி.

ஒன்பதாம் கல் தாண்டியதும் வண்டி இருமியது. நான் அப்பாவின் இடுப்பை இறுக்கிப் பிடித்தேன். இன்னும் இரு முறை இருமிவிட்டு அடங்கியது. மழையின் ஓசை மட்டும் மிஞ்சியது.

“பாத்துக்கிட்டியா?” என்றார் அப்பா. “இறங்கு.”

ஐம்பது அடி தள்ளினால் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒரு தேநீர்க்கடை. கடைக்காரர் கடையநல்லூர்க்காரர், அப்பா அவரை நானா என்று அழைத்தார். அவர் எங்களைக் கண்டு வியக்கவே இல்லை.

“வந்துட்டீங்களா டிரஸ்ஸரே. சனிக்கிழமைன்னா நான் ஒரு குவளத் தண்ணி கூடவே ஊத்தி வச்சுடறது. இது யாரு, புள்ளயா? பேச்சாளர்னு சொல்வீங்களே, அதுவா?”

“அவதான்.”

“ஒரு வார்த்தையும் காணோமே?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு மாதச் சனிக்கிழமைகளின் சாட்சி என் முன் அடுப்பை விசிறிக்கொண்டிருந்தார். அப்பா பிளக்கைக் கழற்றி, தோள்பையிலிருந்த தகரப் பெட்டியைத் திறந்து, ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சால் துடைத்தார். நான் பட்டிமன்றத்தில் சுட்டிக்காட்டிய அந்த வாடை குப்பென்று எழுந்து என் முகத்தில் அறைந்தது. பிளக்கை மாட்டினார். உதைத்தார். உயிர் வரவில்லை. மீண்டும் உதைத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறாக இருபத்தைந்து நிமிடம். மூன்றாவது உதையும் வீண்.

நானா புதுப் பால் டின் ஒன்றை எடுத்து, ஆணியை வைத்து ஒரு தட்டுத் தட்டி, குவளைமேல் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழுந்து நின்றது. வீட்டில் பால் டின் உடைப்பது என் வேலையாதலால், என்னையறியாமல் வாய் திறந்தேன்.

“இன்னொரு ஓட்ட போடுங்க நானா. காத்து உள்ள போனாத்தான் பால் வெளிய வரும்.”

“எனக்கே சொல்லித் தர்றியா? ஆணி எங்கயோ விழுந்துடுச்சு புள்ள, பொறு.” ஆணியைத் தேடி எடுத்து எதிர்ப்புறத்தில் இரண்டாவது துளை போட்டார். பால் நூலாக இறங்கியது.

அதே நேரம் அப்பா பெட்ரோல் பார்ப்பதற்காக டாங்கி மூடியைத் திருகினார். மூடி எளிதில் வரவில்லை. இழுத்தார். உஸ் என்று நீளமாக ஒரு மூச்சு உள்ளே போனது. மழையின் சத்தத்திலும் அது எனக்குக் கேட்டது.

“பெட்ரோல் நிறைய இருக்கு” என்று சொல்லிக்கொண்டே மூடியைத் திரும்ப வைக்கப் போனார். அவர் கையில் மூடி வெளிச்சத்துக்கு நேராகத் திரும்பியது. நடுவில் என் சந்தனம், காய்ந்து, கல்லாகி.

“அப்பா, அந்த மூடியில ஓட்ட இருக்கா?”

“இருக்கும்லா. காத்து உள்ள போறதுக்கு நடுவுல சின்னதா…” என்று தொடங்கியவர் முடிக்கவில்லை.

மூடியைப் பார்த்தார். பால் டின்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முன்னெல்லாம் மூடியின் ஓரத்துக் கசிவிலாவது கொஞ்சம் காற்று போயிருக்கும். அதையும் அவர் வெட்டிய ரப்பர் வளையம் அடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை டாங்கி நிறையும், சந்தனமும் புதிதாக ஏறும். சனியும் திங்களும் காற்று புகாமல் பெட்ரோல் கீழே இறங்காது, வண்டிக்கு மூச்சு முட்டும். செவ்வாய்க்குள் பெட்ரோல் குறைந்து, டாங்கிக்குள் காற்றுக்கு இடம் உண்டாகும். சந்தனமும் வெடித்து வழிவிடும். ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்து பார்த்ததுதான் வண்டிக்கு உயிர் கொடுத்தது. பெயரோ பிளக்கைத் துடைத்த ஸ்பிரிட்டுக்குப் போனது.

நானா இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். “என்ன, அப்பனும் மவளும் பால் டின்னையே பாத்ததில்லயா?”

“நான்தான்ப்பா வச்சேன்” என்றேன்.

“தெரியுது. கட்டைவிரல் ரேகையே பதிஞ்சிருக்கே” என்றார் அப்பா. பிறகு சிரித்தார். நவம்பர் நடுவில் நின்ற அந்தச் சிரிப்பை அன்றுதான் மீண்டும் கேட்டேன். மழைக்கோட்டோடு கடை பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். “ஒரு மாசமா மழைய திட்டிட்டிருக்கேன் நானா! ஒரு மாசமா!”

என் கொண்டை ஊசியை உருவி அவரிடம் நீட்டினேன். அவர் மூடியை என் கையில் கொடுத்தார். குத்தினேன், சந்தனம் பொடிந்து விழுந்தது, கடுகளவு துளையின் வழியாக நானாவின் விளக்கு தெரிந்தது. ஒரே உதை. அந்த இரைச்சலைப்போல் இனிய ஓசையை நான் பிறகு எந்தக் கைதட்டலிலும் கேட்கவில்லை. “தேத்தண்ணி!” என்று நானா பின்னால் கூவினார். “திங்கக்கிழமை!” என்று அப்பா கூவினார். “திங்கக்கிழமை நீங்க எங்க நிக்கப் போறீங்க!” என்றது மழைக்குள் நானாவின் குரல்.

பெரட்டுக் களத்தில் கிராணி குடைக்குள் விளக்கைப் பிடித்துக்கொண்டு இன்னும் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சாக்கைத் தலையில் கவிழ்த்த பெண்கள் எங்களுக்கு வழிவிட்டார்கள். தாழ்வாரத்தில் நின்ற துரை கடிகாரத்தைப் பார்த்தார்; அப்பாவைப் பார்த்தார்; பின்னால் நனைந்த கோழிபோல் நின்ற என்னைப் பார்த்தார். தலையை ஒருமுறை அசைத்துவிட்டு உள்ளே போனார். வரிசையில் காலில் கட்டோடு நின்ற பெண் ஒருத்தி, “டிரஸ்ஸர் ஐயா வந்துட்டாரு” என்று பக்கத்தில் சொன்னாள். யாருடைய கால் அது என்று எனக்குத் தெரிந்தது.

மாலையில் வண்டி ஓரிடத்திலும் நிற்கவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே அது சந்தில் நுழைந்ததைக் கண்டு அம்மா அஞ்சடிக்கே இறங்கி வந்துவிட்டாள். நான் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன்: கள்ளுக்கடைப் பூட்டு, நானா, பால் டின், என் கட்டைவிரல். அம்மா அப்பாவின் தோள்பையிலிருந்து தகரப் பெட்டியை எடுத்தாள். மூடியைத் திறந்து, ஸ்பிரிட் பஞ்சை முகர்ந்தாள். சட்டையை முகர்வதுபோலவே, கண்ணை மூடிக்கொண்டு. பெட்டியை மூடியவள் அதைத் திருப்பித் தர மறந்து கையிலேயே வைத்திருந்தாள்.

“நான் உங்கள ஒரு வார்த்த கேட்டனா?” என்றாள் கடைசியில்.

“நீ கேக்கல. உன் வக்கீல்தான் கேட்டா.”

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரித்தாளா, அழுதாளா என்று இன்றளவும் என்னால் தீர்ப்புக் கூற முடியவில்லை.

மறுநாள் மாமா வாங்குபவரோடு வந்தார். நான் அவர்முன் எழுந்து நின்றேன். விரலை உயர்த்தவில்லை. இம்முறை எதிரணியான அப்பாவை முதலில் வணங்கினேன். “மாமா, போன வாரம் நான் பேசினது தப்பு. வண்டிய நிறுத்தினது நான்” என்றேன். அதற்குமேல் ஓர் அடுக்குமொழியும் வரவில்லை. மாமா மூடியை வாங்கித் துளை வழியாகச் சன்னலைப் பார்த்தார்; வெற்றிலைத் தட்டைத் தள்ளி வைத்தார்; அப்பாவின் தோளைத் தொட்டு, “நடுவர் சரியில்ல மாப்ள, மன்னிச்சிடுங்க” என்றார். வாங்க வந்தவர் தேநீர் குடித்துவிட்டுப் போனார். பொங்கல் சொற்போரில் எனக்கு இரண்டாம் பரிசு. உங்களில் ஒருவர்தான் முதற்பரிசு வாங்கினார். இந்தக் கணக்கில் அதற்கு நான் வருந்தவில்லை என்பதை இப்போதாவது அறிந்துகொள்ளுங்கள்.

அந்தப் பித்தளைக் கிண்ணம் வீடு மாறியபோது காணாமற் போயிற்று. நானாவின் கடை இருந்த இடத்தில் சாலை அகன்றுவிட்டது. என் கொண்டை ஊசி அன்றைக்கே தோட்டத்துச் சேற்றில் விழுந்திருக்க வேண்டும். வண்டி இன்னும் ஒன்பது மழைக்காலம் ஓடியது. அந்த ஒன்பது மழைக்காலமும், அப்பா புறப்படுமுன் அம்மா ஈரத்தலையை அள்ளி முடிந்தபடி கீழே இறங்குவாள். வெள்ளிக்கிழமைப் பொட்டு பின்சக்கரத்து மட்கார்டுக்கு இடம் மாறியிருந்தது; அதை ஒருமுறை தொட்டுக்கொள்வாள். பிறகு தன் கொண்டையிலிருந்து ஊசியை உருவி, டாங்கி மூடியின் துளையில் விட்டுச் சுழற்றி, வாயால் ஒருமுறை ஊதிப் பார்த்து, ஊசியைத் திரும்பச் செருகிக்கொள்வாள்.

“போலாம்” என்பாள். அதன்பிறகுதான் அப்பா வண்டியை உதைப்பார்.